வரைபடத்தில் 15½ மணி, டிக்கெட்டில் 22 மணி: மிச்ச நேரம் எங்கே போகிறது?

கேள்வி: கும்பகோணத்தில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் மகள் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஃப்ரீமாண்டில் இருக்கிறாள். நவம்பரில் அவளுக்குத் தலைப்பிரசவம். நானும் மனைவியும் அக்டோபர் நடுவில் போய், பிப்ரவரி கடைசியில் திரும்பலாம் என்றிருக்கிறோம். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் 13,900 கி.மீ. என்று கம்ப்யூட்டரில் பார்த்தேன். விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்கிறார்கள். வகுத்தால் பதினைந்தரை மணி வருகிறது. ஆனால் ஏஜென்ட் காட்டும் டிக்கெட்டில் ஹாங்காங் வழியாகப் போக 22 மணி, வர 25 மணி. ஒரே தூரம்தானே, ஏன் இந்த வித்தியாசம்? வியாழன் விடியற்காலை 1.30க்குக் கிளம்பி அதே வியாழன் காலை 11 மணிக்கு இறங்குவோமாம். திரும்பும்போது வெள்ளி இரவு 11.30க்கு ஏறி ஞாயிறு மதியம் 2 மணிக்குத்தான் சென்னையாம். ஹாங்காங்கில் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். 1 மணி 25 நிமிடம் மட்டும் காத்திருக்கும் இன்னொரு டிக்கெட்டும் இருக்கிறது. டெல்லி வழியாக இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் 28,000 ரூபாய் குறையுமாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாகவும் போகலாமாம். மனைவிக்கு 62 வயது, முழங்கால் வலி, இன்சுலின் போடுகிறாள். சென்னையில் தாம்பரத்தில் தம்பி வீடு இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: வணக்கம் ஐயா. பேரனோ பேத்தியோ, தாயும் பிள்ளையும் நலமாக இருக்கட்டும்.

விமானங்களுக்கு வழித்திட்டம் போடும் டிஸ்பேச்சர் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். எந்த வழியாகப் போவது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, நடுவழியில் ஏதாவது என்றால் எங்கே இறங்குவது என்று தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு விமானியிடம் கொடுப்பது எங்கள் வேலை. அதனால் உங்கள் கடிதத்தில் இருந்த வகுத்தலைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் வகுத்ததில் பிழை எதுவும் இல்லை. 13,900 என்பதும் சரியான எண்தான். ஆனால் அந்த 13,900 கி.மீ. வழியில் எந்தப் பயணி விமானமும் உங்களைக் கூட்டிக்கொண்டு போகாது.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சென்னையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து விறைப்பாக இழுங்கள். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நூல் கிழக்கே பசிபிக் கடலுக்குள் போக வேண்டும் என்று தோன்றும். அது நேராக வடக்கே ஏறும். ராஜமுந்திரி பக்கமாகப் போய், பாட்னாவுக்குக் கொஞ்சம் கிழக்கே தாண்டி, ஏறத்தாழ எவரெஸ்ட் சிகரத்தின் தலைக்கு மேலேயே கடக்கும். பிறகு திபெத், மங்கோலியா, பைக்கால் ஏரியின் வடமுனை, கிழக்குச் சைபீரியா. ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே போய், பேரிங் நீரிணைக்குச் சற்று வடக்கே அலாஸ்காவுக்குள் நுழைந்து, ஆங்கரேஜ் ஊரைத் தொட்டு, அப்புறம்தான் தெற்கே இறங்கி சான் பிரான்சிஸ்கோ. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இதுதான் மிகக் குறுகிய வழி. பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த நூலைக் காட்டினால் பெரிய வட்டம் என்றால் என்ன என்று தனியாகப் பாடம் நடத்தவே வேண்டாம்.

இந்த நூல் வழியில் ஏன் பறப்பதில்லை? திபெத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் விமானம் சீக்கிரமே சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும்; அந்த உயரத்தில்தான் பயணிகள் முகமூடி இல்லாமல் மூச்சு விட முடியும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 15,000 அடி. இறங்குவதற்குக் கீழே காற்றே இல்லை, தரைதான் இருக்கிறது. அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்களும் அங்கே குறைவு. அதனால் அந்தப் பக்கம் பெரும்பாலும் சுற்றிக்கொண்டுதான் போவோம். அதற்கப்புறம் நாடுகளின் அனுமதி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் விமானங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடிவதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் விமானங்கள் சில ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. தரையில் எடுத்த ஒரு முடிவு, வானத்தில் இருப்பவர்களுக்குப் பல மணி நேரமாக வந்து விழுகிறது.

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லாததற்கு விமானங்களால் முடியாது என்பது காரணம் இல்லை. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்கு, ஏறக்குறைய இதே தூரத்தை, ஏர் இந்தியா ஒரே மூச்சில் பறந்து காட்டியது. கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் விமானிகள் எல்லோரும் பெண்கள். வட துருவத்தின் மேலாக வந்தார்கள். சுமார் 17 மணி நேரம் ஆனது. அவ்வளவு தூரம் பறக்க எரிபொருள் மட்டும் நூறு டன்னுக்கு மேல் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமந்துகொண்டு போவதற்கே தனியாக எரிபொருள் எரியும். தினமும் அத்தனை இருக்கைகளும், முன்வரிசையின் விலை கூடிய இருக்கைகள் உட்பட, நிறைந்தால்தான் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும்.

ஆகவே நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். எந்த ஊர் என்பதில்தான் உங்கள் கிலோமீட்டர் கணக்கு உதவும். சென்னையிலிருந்து ஹாங்காங் சுமார் 3,700 கி.மீ., அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ 11,100. கூட்டினால் 14,800. நூல் வழியைவிட 900 கி.மீ.தான் கூடுதல். துபாய் வழியாகப் போனால் மொத்தம் 16,000, சிங்கப்பூர் வழியாக 16,500, ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக 16,700. ஹாங்காங் நீங்கள் போகிற வழியிலேயே இருக்கிற ஊர் என்று சொல்லலாம். உங்கள் ஏஜென்ட் முதலில் அதைக் காட்டியதில் நியாயம் இருக்கிறது.

இப்போது அந்த 22 மணி நேரத்தைப் பிரித்துப் பார்ப்போம். சென்னை–ஹாங்காங் ஐந்தரை மணி. ஹாங்காங்கில் காத்திருப்பு நான்கு மணி. ஹாங்காங்–சான் பிரான்சிஸ்கோ பன்னிரண்டரை மணி. பறப்பது மட்டும் 18 மணி. 14,800 கி.மீ.யை 900ஆல் வகுத்தால் பதினாறரைதான் வரும். மீதி ஒன்றரை மணி எங்கே? டிக்கெட்டில் அச்சிடுகிற நேரம், சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் 900 வேகம் கிடையாது. இறங்குகிற ஊரில் நெரிசல் என்றால் வானத்திலேயே சுற்ற வைப்பார்கள். இதையெல்லாம் கணக்கில் வைத்து நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போடும். அதனால்தான் தாமதமாகக் கிளம்பிய விமானமும் பல நாள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

உங்கள் அடுத்த கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது: போக 22, வர 25. இரண்டு பக்கமும் காத்திருப்பு அதே நான்கு மணிதான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆக, அந்த மூன்று மணியும் முழுக்க முழுக்கக் காற்றின் வேலை.

படகும் நீரோட்டமும் என்று நீங்கள் எத்தனையோ வருடம் கரும்பலகையில் போட்ட கணக்கு இது. ஏறத்தாழ 30,000 முதல் 40,000 அடி உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் உலகத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் அது மணிக்கு 300 கி.மீ. தாண்டுவதும் உண்டு. அதை 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் வாசபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். உலகம் முழுதும் படிக்கட்டும் என்று அதை எஸ்பெராண்டோ மொழியில் எழுதி வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவு என்பதால் வெளியே அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. இன்று எங்கள் வேலையே அந்தக் காற்றைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஹாங்காங்–சான் பிரான்சிஸ்கோ 11,100 கி.மீ. காற்றே இல்லாவிட்டால் விமானத்தின் வேகம் மணிக்கு 890 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி 28 நிமிடம் வரும். வழி நெடுகச் சராசரியாக 90 கி.மீ. காற்று முதுகில் தள்ளினால் 980. 11 மணி 20 நிமிடம். அதே காற்று முகத்தில் அடித்தால் 800. 13 மணி 53 நிமிடம். போகும்போது மிச்சமானது 68 நிமிடம், வரும்போது இழந்தது 85 நிமிடம். ஒரே காற்றுதான், ஆனாலும் லாபமும் நஷ்டமும் சமமாக வராது. எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம். இதோடு ஊர்வது, ஏறுவது, இறங்குவது, கொஞ்சம் வளைந்து போவது எல்லாம் சேர்த்து ஒரு மணிக்குச் சற்று மேலே போட்டால், உங்கள் டிக்கெட்டில் இருக்கும் பன்னிரண்டரையும் பதினைந்தும் வந்துவிடும்.

போகும்போதும் வரும்போதும் ஒரே பாதையில் பறப்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். போகும்போது அந்தக் காற்றோட்டம் எங்கே பலமாக இருக்கிறதோ, அங்கே விமானத்தைக் கொண்டுபோய்ச் செருகுவோம். வரும்போது அதற்கு வடக்கே ஒதுங்கி, அலாஸ்கா பக்கமாகச் சுற்றிக்கொண்டு வர வைப்போம். தூரம் கூடும், ஆனால் நேரமும் எரிபொருளும் குறையும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நூல் வழியில் சுமார் 12,400 கி.மீ. ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் பக்கமாக அந்த ஊருக்குப் பறந்துகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் அதைத் திருப்பி, பசிபிக் பக்கமாக விட்டார்கள். பறந்த தூரம் 15,300 கி.மீ., அட்லாண்டிக் வழியைவிட 1,400 கி.மீ. அதிகம். எடுத்துக்கொண்டதோ பதினான்கரை மணி. பழைய வழியைவிட இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டே குறைவு. தூரம் கூடியது, நேரம் குறைந்தது. தரையில் பேருந்தில் போய்ப் பழகிய நமக்கு இது நம்ப முடியாதது போல இருக்கும். காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்தவனுக்கு இது சாதாரணக் கணக்கு.

விமானத்தில் உங்கள் முன் இருக்கையின் முதுகில் ஒரு திரை இருக்கும். அதில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தரையை வைத்துப் பார்க்கிற வேகம் என்று ஒரு எண் ஓடும். ஜப்பானைத் தாண்டும்போது அது 1,000ஐத் தாண்டக்கூடும். எஞ்சின் கூடுதலாக ஓடுவதால் அல்ல. உங்களைச் சுற்றியிருக்கும் காற்றே உங்களோடு சேர்ந்து கிழக்கே ஓடிக்கொண்டிருக்கும்.

கடிகாரக் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அந்த மாதங்களில் சான் பிரான்சிஸ்கோ நம்மைவிட 12½ மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் 13½. நீங்கள் போகும் அக்டோபரில் பன்னிரண்டரை. வியாழன் விடியல் 1.30லிருந்து காலை 11 வரை கடிகாரத்தில் ஒன்பதரை மணி. அதோடு பன்னிரண்டரை சேர்த்தால் 22. சரியாக வருகிறது. அந்த வியாழக்கிழமை உங்களுக்கு 36½ மணி நேரம் நீளும். திரும்பும் பிப்ரவரியில் வித்தியாசம் 13½. வெள்ளி இரவு 11.30 என்பது நமக்குச் சனி மதியம் 1 மணி. அதோடு 25 மணி நேரத்தைக் கூட்டினால் ஞாயிறு மதியம் 2. பசிபிக் நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் சனிக்கிழமை முழுக்க வானத்திலேயே போய்விடும். எந்த டிக்கெட்டைப் பார்த்தாலும் இரண்டு முனை நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். உண்மையான பயண நேரம் தெரிந்துவிடும். உங்கள் மகளிடம் சொல்லும்போது மட்டும் அமெரிக்கத் தேதியைச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது ஞாயிற்றுக்கிழமை கார் வேண்டும் என்று தம்பியிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை வந்து விமான நிலையத்தில் காத்து நின்றவர்கள் உண்டு.

இனி எதை எடுப்பது. தூரத்தை மறந்துவிடுங்கள் ஐயா. மொத்த நேரத்தைக்கூட இரண்டாவதாகப் பாருங்கள். அம்மா ஒரே இருக்கையில் தொடர்ந்து எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், நடுவில் இறங்கி மாறுவதற்குப் போதுமான நேரம் இருக்கிறதா, ஏதாவது தவறினால் பொறுப்பு யாருடையது என்ற மூன்றையும் வைத்துத்தான் உங்களுக்கு டிக்கெட் பார்ப்பேன்.

டெல்லி வழியான தனித்தனி டிக்கெட் வேண்டவே வேண்டாம். அதில் சந்தேகமே இல்லாமல் சொல்கிறேன். இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு பி.என்.ஆர். எண். சென்னை விமானம் தாமதமானால் டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. நீங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அடுத்த டிக்கெட்டை அன்றைய விலைக்கு நீங்கள்தான் வாங்க வேண்டும். டெல்லியில் பெட்டிகளை எடுத்து, டெர்மினல் மாற வேண்டியிருந்தால் மாறி, மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும். பன்னாட்டு விமானத்துக்குப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். முதல் பயணம், முழங்கால் வலி, தலைப்பிரசவத்துக்குப் போகும் அவசரம். 28,000 ரூபாய்க்காக இந்த மூன்றையும் பணயம் வைக்க வேண்டாம்.

ஹாங்காங்கில் 1 மணி 25 நிமிடம் மட்டும் இருக்கும் டிக்கெட் பத்தொன்பதரை மணியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று பார்க்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஒரே டிக்கெட் என்பதால் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஆனால் அமெரிக்கா போகும் விமானத்துக்குக் கதவு முன்னால் கூடுதல் சோதனை இருக்கலாம். புறப்படுவதற்கு முன்பே கதவை மூடிவிடுவார்கள். சென்னையில் அரை மணி நேரம் தாமதமானாலே அம்மா ஓட வேண்டியிருக்கும். சக்கர நாற்காலி உதவி கேட்டவர்களைப் பெரும்பாலும் கடைசியில்தான் இறக்குவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரக் காத்திருப்புதான் சரி. அந்த நேரத்தில் காலை நீட்டி உட்காரலாம், நடக்கலாம், நிதானமாகச் சாப்பிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம்.

திருச்சி–சிங்கப்பூர் வழியை நான் லேசில் தள்ள மாட்டேன். கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் இரண்டு, இரண்டரை மணிப் பயணம். சென்னை என்றால் ஆறு மணிக்கு மேல். டிக்கெட்டில் காட்டாத நேரம் அது. உங்கள் வாசற்படியிலிருந்து மகள் வீட்டு வாசற்படி வரை எண்ணினால், சென்னை வழியில் கார், மூன்று நான்கு மணி முன்னதாக விமான நிலையம், 22 மணிப் பயணம், அங்கே குடிநுழைவு வரிசை, ஃப்ரீமாண்டுக்குக் கார் என்று முப்பத்தைந்து மணி நேரம் பக்கம் வரும். திருச்சி வழியில் இதில் நல்ல பகுதி குறையும். ஆனால் சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ 13,600 கி.மீ.; போக 15 மணிக்கு மேல், வர 17 மணி பக்கம் ஒரே இருக்கை. ஹாங்காங் வழியில் அது பன்னிரண்டரையும் பதினைந்தும். வலிக்கிற முழங்காலுக்குக் கடைசி மூன்று மணி நேரம்தான் மிகக் கொடுமை. உங்களுக்குத் தாம்பரத்தில் தம்பி வீடு இருக்கிறது. ஒரு நாள் முன்னாலேயே வந்து அங்கே தங்கி, நன்றாகத் தூங்கி எழுந்து, சாயங்காலம் ஓய்வெடுத்து, இரவு பத்து மணிக்கு மீனம்பாக்கம் போய்விடலாம். அந்த வீடு இல்லையென்றால் திருச்சியைத்தான் சொல்லியிருப்பேன்.

விடியற்காலை 1.30 விமானம் என்றால் புதன்கிழமை இரவே கிளம்ப வேண்டும் என்பதை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வியாழக்கிழமை என்று டிக்கெட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு வியாழன் இரவு வந்து நிற்பது எல்லா விமான நிலையங்களிலும் நடக்கிறது.

இன்சுலின் விஷயத்தில் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். அவரிடம் போகும்போது, எந்தெந்த மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்று இந்திய நேரத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: 1.30 சென்னை, 7.00 ஹாங்காங், 11.00 மறுபடி ஏறுவது, இரவு 11.30 சான் பிரான்சிஸ்கோ. அதைப் பார்த்து அவர் ஊசி நேரத்தைக் குறித்துத் தருவார். அம்மாவின் கைக்கடிகாரத்தை மகள் வீடு போகும்வரை மாற்ற வேண்டாம். இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பாதீர்கள். அங்கே குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். கைப்பையில், மருத்துவரின் சீட்டோடு இருக்கட்டும். சர்க்கரை இறங்கினால் வாயில் போட ஏதாவது அதே பையில் இருக்கட்டும். சாப்பாடு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007ல் சொன்னது. அப்படி இரட்டிப்பானாலும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பயப்பட வேண்டாம், கவனமாக இருந்தால் போதும். நடைபாதை ஓர இருக்கையை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பின்பக்கம் வரை நடந்து வரட்டும். அழுத்தக் காலுறை வேண்டுமா என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள். விமான வகையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஏ350 அல்லது 787 பாருங்கள். அவற்றின் கேபினில் 6,000 அடி உயரத்தில் இருப்பது போன்ற காற்றழுத்தம் இருக்கும். பழைய வகைகளில் 8,000 அடி வரை போகும். நீண்ட பயணத்தில் இறங்கும்போது உடம்பில் அந்த வித்தியாசம் தெரியும்.

ஏஜென்டிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒரே பி.என்.ஆர்., பெட்டி சென்னையில் போட்டால் சான் பிரான்சிஸ்கோவில்தான் எடுக்க வேண்டும், அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊர் சான் பிரான்சிஸ்கோவாகவே இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸ், சியாட்டில் என்று வேறு ஊரில் இறக்கி உள்நாட்டு விமானத்தில் மாற்றும் டிக்கெட்டும் இதே விலையில் வரும். அதில் குடிநுழைவும் பெட்டி எடுப்பதும் சுங்கமும் முதல் ஊரிலேயே முடித்து, பெட்டியை மறுபடி ஒப்படைத்து, இன்னொரு முறை பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். சக்கர நாற்காலி உதவியையும் சைவ உணவையும் டிக்கெட்டிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பு நிறுவனத்துக்கே போன் செய்து இரண்டும் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரசவ லேகியமும் பொடிகளும் கொண்டுபோவீர்கள். சுங்கத்தில் கேட்டால் உணவுப் பொருள் இருக்கிறது என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் பெட்டியில் வைக்க வேண்டாம், அதற்கு அங்கே அனுமதி இல்லை.